பங்காளி வீட்டுக்குச் சொந்தச் செய்திச் சர்வர்: லினக்ஸில் ஜூலிப் நிறுவுவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் ஒரு பூர்வீக வீட்டுக்கு இருபது முப்பது புள்ளி (தலைக்கட்டு) பங்காளிகள் இருப்பது சாதாரணம். ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் நியூஜெர்சியில், பாதிப் பேர் சென்னையில். வீட்டு மராமத்து, படைப்பு (முன்னோருக்குப் படைத்து வணங்குவது), சொத்து வரி, காவல்காரர் சம்பளம் என்று எல்லாப் பேச்சும் போனில்தான் நடக்கிறது. அந்தப் பேச்சைச் சொந்தச் சர்வரில், அதாவது எப்போதும் இணையத்தில் இருக்கும் தங்கள் கணினியில், வைத்துக்கொள்ள விரும்பும் குடும்பங்களுக்கு ஜூலிப் என்ற குழுச் செய்தி மென்பொருளை நான் அமைத்துக் கொடுத்து வருகிறேன். அவர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் இவை. லினக்ஸ் கொஞ்சம் தெரிந்த ஒரு பையனோ பெண்ணோ வீட்டில் இருந்தால் போதும், நீங்களே செய்துகொள்ளலாம்.

வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, தனியாக ஒன்று எதற்கு?

நலம் விசாரிக்க வாட்ஸ்அப் போதும், அதை விடவே வேண்டாம். சிக்கல் வீட்டுக் காரியத்தில்தான் வருகிறது. கொத்தனார் இரண்டாங்கட்டு (வீட்டின் இரண்டாம் முற்றப் பகுதி) ஓடு மாற்ற மதிப்பீடு எழுதிக் கொடுக்கிறார். அதைப் படம் பிடித்துக் குழுவில் போடுகிறீர்கள். அன்று இரவே அதன்மேல் பிறந்தநாள் வாழ்த்து, காலை வணக்கம், யாரோ அனுப்பிய பக்திப் பாட்டு எல்லாம் ஏறிவிடும். நியூஜெர்சியில் இருப்பவர் விடிந்து பார்க்கும்போது மதிப்பீடு எங்கோ கீழே கிடக்கும். மூன்று மாதம் கழித்து “யார் சம்மதம் சொன்னது?” என்று பேச்சு வரும்போது எடுத்துக்காட்ட ஒன்றும் இராது.

இன்னொன்று, புதிதாகக் குழுவில் சேர்பவருக்கு முன்னால் நடந்த பேச்சு பெரும்பாலும் தெரியாது. பெரியவர் ஒருவர் காலமாகி அவர் புள்ளிக்கு மகன் வரும்போது, அவன் கையில் ஒரு வரலாறும் இல்லாமல்தான் வருகிறான். சொந்தச் சர்வரில் பேசினால் பழைய பேச்சு முழுவதும் அப்படியே அவனுக்குக் கிடைக்கும். ரங்கூனில் கொண்டுவிற்றுக்கொண்டிருந்த (வட்டித் தொழில் செய்த) காலத்திலும் பேரேடு நம் பெட்டகத்தில்தான் இருந்தது. குடும்பத்தின் தீர்மானங்களும் அப்படி நம் கையில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்கு ஏன் ஜூலிப்?

மேட்டர்மோஸ்ட், ராக்கெட்.சாட், மேட்ரிக்ஸ் எல்லாமே நல்ல மென்பொருள்கள்தான். நான் ஜூலிப்பைச் சொல்வதற்குக் காரணம், அதில் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தலைப்பு உண்டு. “வீட்டு மராமத்து” என்று ஒரு சேனல் வைத்தால் அதற்குள் “இரண்டாங்கட்டு ஓடு”, “முகப்புத் தூண் பாலிஷ்”, “மேற்குச் சுவர் ஒழுகல்” என்று தனித்தனித் தலைப்புகள் வரும். பத்து நாள் கழித்து வருபவர் ஓடு பற்றிய பேச்சை மட்டும் மேலிருந்து கீழே வாசித்துவிட்டுத் தன் பதிலை அங்கேயே எழுதலாம். நாலு நாட்டில் நாலு நேரத்தில் விழித்திருப்பவர்களுக்கு இதைவிட ஏற்ற அமைப்பை நான் பார்க்கவில்லை.

ஜூலிப் 2012ல் தொடங்கப்பட்டது. 2014ல் டிராப்பாக்ஸ் நிறுவனம் அதை வாங்கியது. 2015ல் மூல நிரல் அப்பாச்சி 2.0 உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. சர்வர் மென்பொருளுக்கு ஒரு பைசாவும் கட்ட வேண்டாம், எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

எவ்வளவு பெரிய கணினி வேண்டும்?

நூறு பேருக்குள் என்றால் 2 ஜிபி ரேம், 10 ஜிபி வட்டு இடம். அதற்கு மேல் என்றால் 4 ஜிபி ரேமும் இரண்டு சிபியுவும். ரேம் 2 ஜிபிதான் என்றால் ரேம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப் இடமாக வட்டில் இன்னொரு 2 ஜிபி ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மேம்படுத்தும்போது மூச்சுத் திணறும். வட்டில் 10 ஜிபி என்பது தொடக்கத்துக்குத்தான். கல்யாணப் படங்களைக் கொட்டுகிற குடும்பமென்றால் 50 ஜிபியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான ஒன்று: ஜூலிப்புக்குத் தனிக் கணினி வேண்டும். அதில் வேறு இணையதளமோ மென்பொருளோ ஓடக் கூடாது. நிறுவி (ஜூலிப்பை நிறுவும் நிரல்) அந்தக் கணினி முழுவதையும் தன் வசம் எடுத்துக்கொண்டு என்ஜின்எக்ஸ், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், ரெடிஸ், ராபிட்எம்க்யூ ஆகிய துணை மென்பொருள்கள் எல்லாவற்றையும் தன் கணக்குப்படி அமைக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இணையதளத்தின்மேல் இதைப் போட்டால் இரண்டும் கெடும்.

ஊர் வீட்டிலேயே ஒரு பழைய கணினியில் வைக்கலாமா? வீடு சும்மாதானே கிடக்கிறது?

எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான். நம் வீட்டில், நம் கூரைக்குக் கீழே என்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. ஆனால் மூன்று தடைகள் இருக்கின்றன.

முதல் தடை இணைய முகவரி. வெளியிலிருந்து உங்கள் கணினிக்கு வர வேண்டுமென்றால் உங்கள் இணைப்புக்கென்று ஒரு பொது ஐபி முகவரி வேண்டும். இன்று வீட்டு இணைப்புகள் பலவற்றில் நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிற்கின்றன. உங்கள் நிலைமை என்ன என்று இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். ரவுட்டரின் நிலைப் பக்கத்துக்குப் போய் வான் ஐபி (WAN IP) என்ற இடத்தில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் உலாவியில் “என் ஐபி என்ன” என்று தேடி அங்கே வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறு வேறு என்றால், அதிலும் ரவுட்டரில் தெரிவது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், நீங்கள் பகிர்வு முகவரிக்குள் இருக்கிறீர்கள். ரவுட்டரில் எந்தக் கதவைத் திறந்துவைத்தாலும் வெளியாள் உள்ளே வர முடியாது. மாதக் கட்டணம் கூடுதலாகக் கட்டி நிலையான ஐபி வாங்க வேண்டும்.

இரண்டாவது மின்சாரம். ஐப்பசி இடி மின்னலில் ரவுட்டர் போனால், பூட்டிய வீட்டில் யார் போய் மாற்றுவது? காவல்காரரைத் திறக்கச் சொல்லி, வீடியோ அழைப்பில் எந்த ஒயரை எதில் செருகுவது என்று காட்டி, இதெல்லாம் ஒரு தடவை நடக்கும். மாதாமாதம் நடக்காது.

மூன்றாவது சுவர். முகப்பில் ரவுட்டரை வைத்துவிட்டு உள்முற்றத்தை ஒட்டிய வளவு அறையில் கணினியை வைத்தால் வைஃபை எட்டாது. கேபிள்தான் இழுக்க வேண்டும். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் துளை போடுவதை நான் மனமார எதிர்க்கிறேன். அந்தப் பூச்சை அதே வழவழப்போடு மறுபடி பூசும் கை இன்று அரிது. கேபிள் இழுத்தே ஆக வேண்டுமென்றால் தாழ்வார ஓரமாகவோ, மின்கம்பி ஏற்கெனவே போகும் வழியிலோ கொண்டுபோங்கள்.

ஆகவே என் யோசனை, சர்வரை வாடகைக் கணினியில் வையுங்கள். விபிஎஸ் என்று கேட்டால் கிடைக்கும். மும்பை, பெங்களூரு, சிங்கப்பூர் எங்கு வைத்தாலும் வேகத்தில் குறை தெரியாது. ஊர் வீட்டுப் பழைய கணினிக்கும் வேலை இருக்கிறது, அதைப் பேக்கப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

எந்த லினக்ஸ்?

உபுண்டு 24.04 சர்வர் பதிப்பு. உபுண்டு 22.04, டெபியன் 12 ஆகியவற்றிலும் ஓடும். ஃபெடோரா, ராக்கி போன்றவற்றில் இந்த நிறுவி வேலை செய்யாது. உபுண்டு 24.04க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2029 வரை வரும், அதனால் புதிதாகத் தொடங்குபவருக்கு அதுவே சரி. புதிதாக, வேறெதுவும் போடாமல் இருக்க வேண்டும்.

டொமைன் பெயர் கட்டாயமா? யார் பெயரில் வாங்குவது?

கட்டாயம். டொமைன் என்பது இணையத்தில் உங்கள் சர்வரின் பெயர். வெறும் எண் முகவரியை வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. வீட்டின் விலாசத்தையோ (குடும்பத்தின் முன்னெழுத்துகளையோ), ஊரையும் விலாசத்தையும் சேர்த்தோ ஒரு பெயர் வாங்குங்கள், ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான்.

யார் பெயரில் என்பதில் தயவுசெய்து கவனமாக இருங்கள். அமைத்துக் கொடுக்கும் கடைக்காரர் பெயரில் வேண்டாம், அது நானாக இருந்தாலும் சரி. குடும்ப டிரஸ்ட் இருந்தால் அதன் பெயரில் வாங்குங்கள். இல்லாவிட்டால் பங்காளிகளில் இருவர் சேர்ந்து பார்க்கும் ஒரு பொது மின்னஞ்சலில் பதியுங்கள். சர்வர் கெட்டால் வேறு சர்வர் எடுக்கலாம். டொமைன் காலாவதியாகி வேறு ஒருவர் கைக்குப் போய்விட்டால் மீட்பது பெரும்பாடு. முடிந்தால் ஐந்தாண்டுக்குச் சேர்த்தே கட்டிவிடுங்கள்.

வாங்கியதும் டொமைனின் டிஎன்எஸ் (பெயரை ஐபியோடு இணைக்கும் பதிவேடு) பக்கத்தில் ஏ பதிவு என்ற வரியில் சர்வரின் ஐபியைப் போடுங்கள்.

நிறுவுவது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள்.

கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து ஜூலிப்பின் நிறுவல் பக்கத்திலிருந்து நகலெடுத்துக்கொள்ளுங்கள். பதிப்புக்குப் பதிப்பு சிறு மாற்றம் வரும். எதை ஏன் செய்கிறோம் என்பதை இங்கே சொல்கிறேன்.

சர்வருக்குள் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) மூலம் நுழைந்ததும் முதல் வேலை, லினக்ஸைப் புதுப்பித்து ஒரு தடவை மறுதொடக்கம் செய்வது. அடுத்து ஃபயர்வாலில் மூன்று போர்ட்டுகளை (கணினியின் இணைய வாசல்களை) மட்டும் திறங்கள்: 22 நீங்கள் உள்ளே வர, 80 சான்றிதழ் வாங்க, 443 எல்லோரும் பயன்படுத்த. வாடகைக் கணினி நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்திலும் தனியாக ஒரு ஃபயர்வால் இருக்கும். உள்ளே திறந்துவிட்டு அங்கே திறக்காமல் விட்டுவிட்டு மணிக்கணக்கில் தேடுபவர்கள் உண்டு.

இப்போது கொஞ்சம் பொறுங்கள். டொமைன் பெயரைப் பிங் செய்து, உங்கள் சர்வரின் ஐபியே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வரும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். ஏனென்றால் நிறுவி லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பிடம் பாதுகாப்புச் சான்றிதழ் கேட்கும். அவர்கள் அந்தப் பெயரைத் தேடி 80ஆம் போர்ட்டில் உங்கள் கதவைத் தட்டிப் பார்த்துத்தான் சான்றிதழ் தருவார்கள். ஒரு மணி நேரத்தில் ஐந்து தடவை தோற்றால் கொஞ்ச நேரத்துக்கு உங்களை நிறுத்திவைத்துவிடுவார்கள்.

பெயர் சரியாக வந்ததும், ஜூலிப் சர்வர் தொகுப்பை டவுன்லோடு செய்து விரித்து, முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக நிறுவியை ஓட்டுங்கள். அதற்கு மூன்று தகவல் கொடுக்க வேண்டும்: சான்றிதழைத் தானே வாங்கிக்கொள் என்பதற்கான செர்ட்பாட் விருப்பம், நிர்வாகியின் மின்னஞ்சல், டொமைன் பெயர். டொமைன் பெயரில் எழுத்துப்பிழை இல்லாமல் இரண்டு தடவை பாருங்கள். பிறகு திரை நிறைய எழுத்து ஓடும், பாதியில் நின்றதுபோலத் தெரியும், விட்டுவிடுங்கள். வேகமான கணினியில் சில நிமிடம், மெதுவானதில் கொஞ்சம் கூடுதல். கடைசியில் நீளமான ஒரு இணைப்பைக் காட்டும். அது உங்கள் குடும்பத்துக்கான அமைப்பை உருவாக்குவதற்கான ஒருதடவைச் சாவி. திரையை மூடும் முன் அதை நகலெடுத்து உலாவியில் திறங்கள். வீட்டின் பெயர், உங்கள் பெயர், கடவுச்சொல் கொடுத்தால் கதவு திறந்துவிடும்.

சான்றிதழ் காலாவதியாகும் முன் தானே புதுப்பித்துக்கொள்ளும், 80ஆம் போர்ட்டை மட்டும் பின்னால் மூடிவிடாதீர்கள்.

நடுவில் பிழை காட்டி நின்றுவிட்டால்? எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்தா?

வேண்டாம். பிழைச் செய்தியின் கடைசிச் சில வரிகளை வாசியுங்கள், காரணம் அங்கேதான் இருக்கும். அதைச் சரிசெய்துவிட்டு அதே கட்டளையை மறுபடி ஓட்டலாம். அப்படி மறுபடி ஓட்டுவதற்கு ஏற்றபடிதான் நிறுவியை எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் ரேம் போதாமை, டிஎன்எஸ், ஃபயர்வால் இந்த மூன்றில் ஒன்று.

இன்னொரு பிழையும் அடிக்கடி வரும். நிறுவி முடிந்தபின் மேனேஜ் டாட் பை (manage.py) என்ற நிர்வாகக் கட்டளைகளை ரூட் பயனராக ஓட்டினால் ஏற்காது. நிறுவி ஜூலிப் என்றே ஒரு பயனரை உருவாக்கியிருக்கும். அந்தப் பயனராக மாறிக்கொண்டு ஓட்டுங்கள்.

மின்னஞ்சல் அமைப்பு எதற்கு? நாங்கள் போனில்தானே பார்க்கப் போகிறோம்?

கணக்குத் தொடங்கும்போது உறுதிசெய்யும் அஞ்சல், கடவுச்சொல் மறந்தால் வரும் அஞ்சல், உள்ளே வராதவருக்கு “உங்களுக்குச் செய்தி இருக்கிறது” என்று போகும் அஞ்சல் எல்லாம் இதை நம்பித்தான் இருக்கின்றன. இதை அமைக்காமல் விட்ட இடங்களில் முதல் வாரமே “உள்ளே போக முடியவில்லை” என்று ஆச்சி முதல் கல்லூரிப் பிள்ளை வரை எல்லோரும் அழைப்பார்கள்.

சர்வரிலிருந்து நேராக அஞ்சல் அனுப்பப் பார்க்காதீர்கள். வாடகைக் கணினி நிறுவனங்கள் பல 25ஆம் போர்ட்டை அடைத்தே தருகின்றன. அப்படியே போனாலும் ஸ்பாமில் விழும். அஞ்சல் அனுப்பிக்கொடுக்கும் எஸ்எம்டிபி சேவை ஒன்றில் கணக்குத் தொடங்குங்கள். பத்துப் பதினைந்து பேர் என்றால் தனி ஜிமெயில் கணக்கு ஒன்றில் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, ஆப் பாஸ்வேர்டு எடுத்தும் தொடங்கலாம். ஆனால் அதில் அனுப்பும் அளவுக்கு வரம்பு உண்டு, நாளடைவில் மாறிக்கொள்வது நல்லது.

சேவையின் பெயர், பயனர் பெயர், போர்ட் ஆகியவை ஈடிசி (/etc) அடைவுக்குள் ஜூலிப் அடைவில் இருக்கும் அமைப்புக் கோப்பில் போகும். கடவுச்சொல் மட்டும் அதே இடத்தில் உள்ள ரகசியக் கோப்பில் போகும். எழுதி முடித்ததும் சோதனை அஞ்சல் அனுப்பும் கட்டளை ஒன்று இருக்கிறது, அதை ஓட்டிப் பாருங்கள். அஞ்சல் வந்து சேர்ந்த பிறகே சர்வரை மறுதொடக்கம் செய்து பங்காளிகளுக்கு அழைப்பு அனுப்புங்கள். வரிசை மாறினால் வீண் குழப்பம்.

முதல் நாள் உள்ளே என்னென்ன அமைக்க வேண்டும்?

சேனல்களைக் குறைவாக வையுங்கள். “வீட்டு மராமத்து”, “கணக்கு வழக்கு”, “படைப்பும் விசேஷமும்”, “பொது” நான்கு போதும். தலைப்புகள் தாமாக வளரும். கணக்கு வழக்கைப் புள்ளிகளுக்கு மட்டுமான தனிச் சேனலாக்கிவிடுங்கள். காவல்காரரையும் கொத்தனாரையும் விருந்தினர் நிலையில் சேர்த்தால், நீங்கள் சேர்க்கும் சேனல் மட்டுமே அவர்களுக்குத் தெரியும். ஒழுகல் எங்கே என்று அவரே படம் எடுத்து நேராகப் போட்டுவிடுவார், இடையில் ஒருவர் அஞ்சல்காரர் வேலை பார்க்க வேண்டியதில்லை.

இரண்டு வசதிகளை எல்லோருக்கும் காட்டிக்கொடுங்கள். ஒன்று வாக்கெடுப்பு. சாய்வுக்கோடு போட்டு “/poll” என்று ஆங்கிலத்தில் எழுதினால் வரும். தரைக்கு ஆத்தங்குடி ஓடா, பழைய ஓட்டையே எடுத்துக் கழுவி மறுபடி பதிப்பதா என்று கேட்டுவிட்டால், யார் எதற்குச் சொன்னார் என்பது பெயரோடு நிற்கும். மற்றது நேரக் குறிப்பு. கூட்டம் நம் நேரம் மாலை 7 மணி என்று அதற்கான குறியீட்டில் எழுதினால், கோலாலம்பூரில் பார்ப்பவருக்கு இரவு 9.30 என்றும், கோடையில் நியூஜெர்சியில் பார்ப்பவருக்குக் காலை 9.30 என்றும் தெரியும். நேரத்தைக் கணக்குப் போட்டுத் தவறவிட்டேன் என்ற பேச்சே வராது.

செய்தியை எவ்வளவு நேரத்துக்குள் திருத்தலாம் என்பதையும் முதல் நாளே முடிவுசெய்யுங்கள். பணம் பற்றிய பேச்சு இருக்கும் இடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் திருத்த விட வேண்டாம் என்பது என் கருத்து.

தமிழில் எழுத முடியுமா? தேடினால் கிடைக்குமா?

எழுதுவதில் சிக்கலே இல்லை. சேனல் பெயர், தலைப்பு எல்லாம் தமிழிலேயே வைக்கலாம். தேடல்தான் கொஞ்சம் மட்டு. உள்ளே இருக்கும் தேடல் ஆங்கிலச் சொற்களின் வடிவங்களை மனத்தில் வைத்து அமைத்தது. “கதவு” என்று தேடினால் “கதவை”, “கதவின்” வராது. “வீடு” என்றால் “வீட்டை” வராது. எல்லா மொழிக்கும் ஏற்ற பிஜிகுரூங்கா என்ற தேடல் இணைப்பு இருக்கிறது. லினக்ஸ் பழகியவர்கள் பின்னால் சேர்த்துப் பார்க்கலாம். அதற்கும் மேலாகக் கைகொடுப்பது ஒரு பழக்கம்: தலைப்புப் பெயரில் அடிச்சொல்லைப் போடுங்கள். “கதவை எப்போது சரிசெய்வது” என்று வைக்காமல் “நிலைக் கதவு, கீல் பழுது” என்று வைத்தால் எப்போது தேடினாலும் அகப்படும்.

உலாவியில் செய்தி வருகிறது, போனில் மணி அடிக்கவில்லையே?

போனுக்கு வரும் அறிவிப்பு கூகுள், ஆப்பிள் வழியாகத்தான் வர முடியும். அதற்கு உங்கள் சர்வரை ஜூலிப் நிறுவனத்தின் அறிவிப்புச் சேவையில் பதிய வேண்டும், பதிவுக்கென்று ஒரு கட்டளை இருக்கிறது. பத்துப் பேர் வரை இலவசம். அதற்கு மேல் தலைக்கு மாதக் கட்டணம். லாப நோக்கில்லாத சமூக அமைப்புகளுக்குச் சலுகைத் திட்டம் உண்டு, கோயில் டிரஸ்ட்டோ ஊர்ச் சங்கமோ என்றால் விண்ணப்பித்துப் பாருங்கள். கட்ட விருப்பமில்லாத குடும்பங்கள் மின்னஞ்சல் அறிவிப்பை வைத்தே சமாளிக்கின்றன. வீட்டு மராமத்துக்கு அது போதும்.

சான்றிதழ் வாங்காமல் சுயமாக ஒப்பமிட்ட சான்றிதழில் ஓட்டினால் போன் செயலி உள்ளேயே விடாது. அதையும் பாருங்கள்.

எங்கள் ஐயாவுக்கு எழுபத்தெட்டு வயது. அவரால் முடியுமா?

அவருக்கு உலாவியில் ஒரே ஒரு பக்கத்தை முகப்புத் திரையில் ஐகானாக வைத்துக் கொடுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். அவர் தலைப்பைத் தேர்ந்தெடுக்காமல் பொதுவில் எழுதினாலும் குற்றமில்லை, நிர்வாகி அந்தச் செய்தியை உரிய தலைப்புக்கு நகர்த்திவிடலாம். அவர் எழுதவே வேண்டாம் என்றாலும் சரி, வாசித்தாலே போதும். எந்த உத்திரம் எப்போது மாற்றியது, எந்தச் சுவருக்கு எப்போது பூச்சு வைத்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதைத் தட்டச்சு செய்து “வீட்டு வரலாறு” என்ற தலைப்பில் போடும் வீடுகள் இருக்கின்றன. இந்த வேலையிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி அது.

வாட்ஸ்அப்பில் இருக்கும் பழைய பேச்சைக் கொண்டுவரலாமா?

நேராக முடியாது. ஸ்லாக், மேட்டர்மோஸ்ட், ராக்கெட்.சாட் ஆகியவற்றிலிருந்து இறக்குமதி செய்யும் வழி இருக்கிறது, வாட்ஸ்அப்புக்கு இல்லை. குழுவின் அமைப்பில் “சாட்டை ஏற்றுமதி செய்” என்பதை அழுத்திக் கோப்பாக எடுத்து, “பழைய குழு” என்ற தலைப்பில் இணைத்துவிடுங்கள்.

நாங்கள் பேசுவதை வேறு யாராவது படிக்க முடியுமா?

இதற்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்ல வேண்டும். போனிலிருந்து சர்வர் வரை செய்தி மறையாக்கம் செய்யப்பட்டே போகிறது, நடுவில் யாரும் படிக்க முடியாது. ஆனால் வாட்ஸ்அப்பைப்போல முனைக்கு முனை மறையாக்கம் ஜூலிப்பில் இல்லை. சர்வரின் ரூட் சாவி வைத்திருப்பவர் நினைத்தால் தரவுத்தளத்தைத் திறந்து எந்தச் செய்தியையும் படிக்கலாம், தனிச் செய்தியையும்கூட. ஆகவே சாவி யாரிடம் என்பது சாதாரணக் கேள்வி இல்லை. வழக்கு நடக்கும் வீடுகளில், எதிரெதிர்ப் பக்கம் நிற்கும் பங்காளிகள் தங்கள் வக்கீலோடு பேசுவதற்கு இதைப் பயன்படுத்த வேண்டாம்.

அப்படியானால் சாவியை யாரிடம் கொடுப்பது?

இருவரிடம். ஒரே கிளையைச் சேர்ந்த இருவராக இல்லாமல் வேறு வேறு கிளையாக இருந்தால் மேல். ஒருவர் ஊருக்கு அருகில், ஒருவர் வெளிநாட்டில் என்றால் இன்னும் நல்லது. ஜூலிப்புக்குள் இருவருக்கும் உரிமையாளர் நிலை கொடுங்கள். எஸ்எஸ்எச்சில் கடவுச்சொல் நுழைவை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு சாவிக் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் போல வெளியாள் ஒருவர் அமைத்துக் கொடுத்திருந்தால், வேலை முடிந்ததும் அவர் சாவியை நீக்கிவிடுங்கள். நல்ல வேலைக்காரர் அதைத் தானே கேட்பார்.

பேக்கப் எப்படி?

வாடகைக் கணினிக்குப் பணம் கட்ட மறந்தால் சில வாரங்களில் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். அதனால் பேக்கப் இல்லாமல் ஒரு வாரம்கூட ஓட்டக் கூடாது.

ஜூலிப்பில் பேக்கப் கட்டளை ஒன்று இருக்கிறது. தரவுத்தளம், பதிவேற்றிய படங்கள், அமைப்புக் கோப்பு, ரகசியக் கோப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சுருக்கக் கோப்பாகத் தரும். இரவு 2 மணிக்கு அது தானாக ஓடும்படி கிரானில் போட்டுவிடுங்கள். ஆனால் கோப்பு அதே சர்வரில் கிடந்தால் அது பேக்கப் ஆகாது. இங்கேதான் ஊர் வீட்டுப் பழைய கணினிக்கு வேலை. அதில் ஒரு உபுண்டுவைப் போட்டு, வாரம் ஒருமுறை அதுவே சர்வருக்குப் போய்க் கோப்பை ஆர்சிங்க் மூலம் எடுத்துக்கொள்ளும்படி அமைக்கலாம். உள்ளிருந்து வெளியே போவதால் பொது ஐபி தேவையில்லை, பகிர்வு முகவரி தொல்லை இங்கே இல்லை. மின்சாரம் இரண்டு நாள் இல்லாமல் போனாலும் மூன்றாம் நாள் எடுத்துக்கொள்ளும். முகப்பு அறையில் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வைத்துவிடலாம், சுவரைத் தொட வேண்டியதே இல்லை. கோப்பில் ரகசியங்கள் இருப்பதால் அந்தக் கணினியின் வட்டை மறையாக்கம் செய்துவைப்பது அவசியம். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அப்படிச் செய்தால் மின்சாரம் வந்து கணினி எழும்போது ஒருவர் கடவுச்சொல் கொடுக்க வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்க, முழு வட்டையும் செய்யாமல் பேக்கப் கோப்பை மட்டும் சர்வரிலேயே மறையாக்கம் செய்து அனுப்புகிற வழியைத்தான் நான் பெரும்பாலும் அமைக்கிறேன்.

மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை, படைப்புக்கு எல்லோரும் ஊரில் கூடும் சமயத்தில், ஒரு நாள் வாடகைக்குப் புதுக் கணினி எடுத்து அதில் மீட்டுப் பாருங்கள். பேக்கப் எடுத்த அதே ஜூலிப் பதிப்பும் அதே போஸ்ட்கிரெஸ் பதிப்பும் இருந்தால்தான் மீட்க முடியும், அதனால் பதிப்பு எண்களைக் கோப்புப் பெயரிலேயே சேர்த்து வையுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மேம்படுத்த வேண்டும்?

பாதுகாப்புத் திருத்தம் வந்தால் உடனே, மற்றவை வசதிப்படி. புதுத் தொகுப்பை டவுன்லோடு செய்து மேம்படுத்தும் ஸ்கிரிப்ட்டை ஓட்டினால் முடிந்தது, சர்வர் கொஞ்ச நேரம் நிற்கும். ஓட்டும் முன் ஒரு பேக்கப்.

வீடியோ அழைப்பு?

செய்திப் பெட்டியில் கேமரா ஐகானை அழுத்தினால் ஜிட்சி கூட்டத்துக்கான இணைப்பு உருவாகும். ஜூமோடும் இணைக்கலாம்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

2 ஜிபி வாடகைக் கணினி மாதம் ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே. டொமைன் ஆண்டுக்குச் சில நூறு. முப்பது புள்ளி பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஆண்டுக்கு ஐந்நூறு ரூபாய்கூட வராது. வீட்டு வரியோடு சேர்த்தே வசூல் செய்துவிடுங்கள், தனியாகக் கேட்டால் வருவதில்லை.

எங்கள் வீடு, மாமனார் வீடு, ஊர்ச் சங்கம், மூன்றுக்கும் மூன்று சர்வரா?

ஒன்றே போதும். ஒரே ஜூலிப் சர்வரில் வேறு வேறு துணை டொமைன்களில் தனித்தனி அமைப்புகளை வைக்கலாம். ஒன்றின் உறுப்பினர்களுக்கு மற்றதில் இருப்பது தெரியாது. ஆனால் ரூட் சாவி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்பதை மூன்று பக்கமும் தெரிந்து ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் தனிச் சர்வர்தான் நல்லது.

பிடிக்கவில்லை என்றால் வெளியே வர முடியுமா?

முடியும். குடும்பத்தின் எல்லாச் செய்திகளையும் கோப்புகளையும் ஏற்றுமதி செய்யும் கட்டளை உண்டு. அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு ஜூலிப்பின் சொந்த வாடகைச் சேவைக்குப் போகலாம், அங்கிருந்து திரும்பச் சொந்தச் சர்வருக்கும் வரலாம். எதற்கும் போகாமல் நிறுத்திவிடுவதாக இருந்தால், ஏற்றுமதிக் கோப்பை ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பென் டிரைவில் கொடுத்துவிட்டு, டொமைனை மட்டும் இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பித்து வையுங்கள். பழைய இணைப்பை அழுத்திப் பார்க்கும் ஒரு பங்காளியாவது இருப்பார்.